இரண்டு நோட்டிலும் உள்ள எண்கள்

போலீஸ் ஏட்டு, சாவி அராவும் ஒச்சப்பனை அறைந்தபோது பூட்டுப் பட்டறையில் எல்லாருக்கும் பகீரென்றது. கணக்கர் மாயாண்டிக்கு மட்டும் வயிறு குளிர்ந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளாமல் பேனாவைத் திறந்து மை இருக்கிறதா என்று பார்த்தார்.

அணா போய்ப் புதுப் பைசா வந்த மறு வருஷம் அது. ஒரே மாதத்துக்குள் திண்டுக்கல்லில் மூன்று இடங்களில் பூட்டு உடையாமலே திருட்டுப் போயிருந்தது. முனீர் ராவுத்தரின் புகையிலைக் கிட்டங்கி, ஒரு சுங்குடிச் சேலைக் கடை, ஒரு பாத்திரக் கடை. மூன்றிலும் தொங்கியது சின்னக்கண்ணு பட்டறைப் பூட்டுதான். ஒவ்வொரு பூட்டிலும் ஓர் எண் அடித்திருக்கும். அதே எண்ணுக்கு ஒரு மாதிரிச் சாவி பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கும். எண்ணைச் சொன்னால் போதும், ஒச்சப்பன் அதைப் பார்த்து இரண்டாம் சாவி அராவிக் கொடுத்துவிடுவான். அதனால் ஊர் வாயெல்லாம் இப்போது ஒச்சப்பன் பேர்தான்.

மாயாண்டி பதினோரு வருஷமாக இந்த நாளுக்குக் காத்திருந்தவர். அவரும் அரம் பிடிக்கத்தான் இந்தப் பட்டறைக்கு வந்தார். மூன்றாம் மாதம் ஒச்சப்பன் அவர் அராவிய சாவியை எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "ஒனக்குக் கை நிக்க மாட்டேங்குது அப்பு, பேனாவப் பிடி" என்றான். பட்டறையே சிரித்தது. பேனாவைப் பிடித்தார், கணக்கரானார், முதலாளி பக்கத்தில் நாற்காலியும் கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு மட்டும் காதை விட்டுப் போகவே இல்லை.

ஏட்டுக்கு யோசனை சொன்னதும் அவர்தான். பட்டறையில் இரண்டு நோட்டு உண்டு. விற்பனை நோட்டில் பூட்டின் எண்ணும் வாங்கியவர் பேரும் இருக்கும். சாவி நோட்டில் பூட்டின் எண்ணும், இரண்டாம் சாவி வாங்கிப் போனவர் பேரும் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் உள்ள எண்களை மட்டும் ஒரு தாளில் எடுத்து எழுதினால் தெரிந்துவிடும். எண், பூட்டு யாருடையது, சாவி யார் கைக்குப் போனது என்று மூன்று கட்டம். ஒரு நோட்டில் மட்டும் இருக்கிற எண் தாளுக்கு வராது. திருட்டு நடந்த மூன்று இடத்துப் பூட்டும் தாளில் வராவிட்டால், நோட்டில் ஏற்றாமலே சாவி அராவியிருக்கிறான் என்று அர்த்தம். அப்புறம் ஒச்சப்பனைக் கூட்டிப்போகலாம். ஏட்டுக்கு இது பிடித்துவிட்டது.

சாவி நோட்டில் முப்பத்தோரு எண்கள். மாயாண்டி ஒவ்வொன்றாக விரல் வைத்து வாசித்தார், விற்பனை நோட்டில் தேடினார், முத்து முத்தான தம் எழுத்தில் தாளில் ஏற்றினார். அவசரமே படவில்லை. ஒரு எண் முடிய முடிய ஒச்சப்பனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். கன்னத்தில் விரல் பதிந்து நின்றவன் பதிலுக்கு இவரையே பார்த்தான். இரண்டு நாளாக அவன் வாயைத் திறக்கவில்லை. அழுத்தக்காரப் பயல் என்று மாயாண்டி மனசுக்குள் வைதார்.

முப்பத்தோரு எண்ணும் முடிந்தது. திருட்டு நடந்த இடத்துப் பூட்டு மூன்றில் ஒன்றுகூட வரவில்லை.

"பாத்துக்கங்க அய்யா" என்று தாளை ஏட்டிடம் தள்ளினார். ஏட்டு எழுந்து ஒச்சப்பனின் பிடரியில் கை வைத்தார். முதலாளி சின்னக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டார்.

பித்தளைக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த ரோஸ்மேரி துணியைக் கீழே வைத்தாள்.

"கணக்கரய்யா, பின்பக்கத்தப் பாக்கலயே."

மாயாண்டிக்கு எரிச்சலாக வந்தது. சந்தை நாட்களில் அவர் பூட்டு மூட்டையோடு வத்தலக்குண்டு போய்விடுவார். அன்றைக்கு யாராவது சாவி கேட்டு வந்தால் ஐந்தாவது வரை படித்த ரோஸ்மேரிதான் எழுதி வைப்பாள். அவளுடைய கோழிக் கிறுக்கல் தம் பக்கங்களைக் கெடுக்கக் கூடாதென்று நோட்டின் கடைசியிலிருந்து எழுதச் சொல்லியிருந்தார். ஒருநாளும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை. ஏட்டு பிடரியிலிருந்து கையை எடுத்து, அதையும் பார்த்துவிடச் சொன்னார்.

நோட்டைத் திருப்பினார். குண்டு குண்டான எழுத்தில் ஐந்தே வரிகள். முதல் வரியில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. விற்பனை நோட்டைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, அது ராவுத்தர் கிட்டங்கி என்பது அவருக்கு மனப்பாடம். தாளில் எண்ணை எழுதினார். இரண்டாம் கட்டத்தில் ராவுத்தர் பேரை எழுதினார். சாவி வாங்கியது யாரென்று பார்க்கக் கண்ணை ஓட்டினார்.

'பொன்னுச்சாமி. கணக்கரய்யா மருமகன். மாமா அனுப்பினாராம்.'

அடுத்த எண் சேலைக் கடை. அதற்கும் பொன்னுச்சாமி. அதற்கடுத்தது பாத்திரக் கடை. பொன்னுச்சாமி.

மாயாண்டி அந்த மூன்று வரியையும் மறுபடி விரல் வைத்து வாசித்தார். விற்பனை நோட்டைத் தினமும் சாயந்திரம் வீட்டுக்கு எடுத்துப்போவது அவருக்கு ஒரு பெருமை. சித்தையன்கோட்டையிலிருந்து வேலை தேடி வந்து வீட்டோடு தங்கிவிட்ட மருமகன், அதைப் புரட்டிப் புரட்டி, "மாமா எழுத்து அச்சடிச்ச கணக்கா இருக்கு" என்பான். இவரும் நாற்காலியில் சாய்ந்து இன்னும் நாலு பக்கம் காட்டுவார். உள்ளே ஏழு மாசக்காரியான மகள் செல்லக்கிளி, அப்பாவும் புருஷனும் ஒட்டிக்கொண்டார்கள் என்று சந்தோஷப்படுவாள்.

"சேருதா, சேரலயா?" என்றார் ஏட்டு.

சேரவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. ரோஸ்மேரி எழுந்து வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். தான் எழுதியதைத் தானே வாசிக்க அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.

அப்போதுதான் ஒச்சப்பன் அசைந்தான். எழுத்து தெரியாதவன், எண் மட்டும் தெரிந்தவன். சுவரோரம் போய் மூன்று ஆணிகளிலிருந்து மூன்று மாதிரிச் சாவிகளை எடுத்துவந்து தாளின் ஓரத்தில் ஒவ்வொன்றாக வைத்தான். இவனுக்கு எல்லாம் தெரியும் என்பது மாயாண்டிக்கு அந்த நிமிஷம் உறைத்தது. யாருக்கு அராவினோம் என்று தெரிந்துகொண்டே இரண்டு நாள் அடி வாங்கியிருக்கிறான். இந்தக் கை இந்தப் பேரை எழுதுவதைப் பார்ப்பதற்காக வாங்கியிருக்கிறான்.

"நான் சொன்னா யாரு நம்புவா" என்றான் ஒச்சப்பன். "நீ எழுது அப்பு. ஒன் எழுத்துதான் நல்லாருக்கும்."

மாயாண்டி பேனாவை மூன்றாம் கட்டத்துக்குக் கொண்டுபோனார். முள் தாளைத் தொட்டது. கை நிற்கவில்லை. ராவுத்தர் பேருக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு மை விழுந்து மெதுவாகப் படர ஆரம்பித்தது.