அன்செல்மோவின் கடைசி அறுபது ஹெக்டேர்

இறந்துபோன அப்பாவின் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த எல்வீரா நிமிர்ந்தாள். கோதுமை வயலில் அறுவடை மிஷினின் சத்தம் நின்றுபோயிருந்தது.

வாசலுக்கு வந்தாள். வாடகை மிஷின்காரர் பஸ்குவால் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்துகொண்டிருந்தார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"உங்கப்பா அன்செல்மோ விடியக்காலையில போயிட்டார்னு இப்பத்தான் தெரியும். சாவு வீட்ல எஞ்சின் ஓட்டக் கூடாதும்மா."

"நாளைக்கு ஓட்டுவீங்களா?"

"நாளைக்குத் தெற்கே வேற பண்ணை. முறை மாறாது."

பின்னாலேயே வந்த தம்பி துலியோ, "அஞ்சு மணிக்கு அடக்கம். ஒரு நாள் பொறுக்க மாட்டியாக்கா? ஊர் என்ன பேசும்?" என்றான். அவன் நகரத்தில் வேலை பார்ப்பவன்.

தென்மேற்கே வானம் கருநீலமாகத் திரண்டிருந்தது. முந்தின வருஷம் வறட்சி, போன வருஷம் கதிர் பிடிக்கும் நேரத்தில் உறைபனி. இந்த வருஷம்தான் கதிர் கனத்துத் தொங்குகிறது; இன்னும் அறுபது ஹெக்டேர் அறுக்காமல் நிற்கிறது. ஆலங்கட்டி விழுந்தால் எல்லாம் மண். வெறும் மழை நனைத்தாலே துறைமுகத்தில் மாட்டுத் தீவனம் என்று தள்ளிவிடுவார்கள். அந்த விலையில் ஏற்றுமதி வரியும் கழிந்தால் குத்தகைக்குக்கூட மிஞ்சாது. குத்தகை கொடுக்காவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும்.

எல்வீரா வயலோரம் போய் ஒரு கதிரைக் கசக்கி, மணியைக் கடித்தாள். டக்கென்று உடைந்தது. ஈரமில்லை.

கூடத்தில் கறுப்புக் கோட்டுப் போட்ட பக்கத்துப் பண்ணைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணும் சவப்பெட்டிப் பக்கம் இல்லை; எல்லார் கண்ணும் ஜன்னல் வழியே வானத்தில் இருந்தது.

"எங்கப்பா அங்க இல்ல. பெட்டியிலதான் இருக்கார்," என்றாள் எல்வீரா.

அவர்களில் ஒருவரான இரினேயோ செருமினார். "நீயா கேக்கட்டும்னுதான் உக்காந்திருக்கோம். என் மிஷின் உங்க வேலிக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது."

"மேளதாளத்தோட வந்து அழைக்கணுமா?"

நாற்காலிகள் நகர்ந்தன. பஸ்குவால் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, அப்பா இருந்தா..."

"அப்பா இருந்தா இவ்வளவு நேரம் பேசிட்டு நின்னதுக்கே நம்ம ரெண்டு பேரையும் திட்டியிருப்பார். லாரி ஓட்டுவியா, மாட்டியா?"

துலியோ கோட்டைக் கழற்றினான்.

பஸ்குவாலுடையது, இரினேயோவுடையது, இன்னொரு பக்கத்துப் பண்ணைக்காரருடையது என மூன்று மிஷின்கள் பக்கம் பக்கமாக வயலில் இறங்கின. தானிய வண்டி இழுத்த டிராக்டரைக் கறுப்பு உடையோடு எல்வீராவே ஓட்டினாள். நாலரை மணிக்குக் கடைசி லாரிக்குத் தார்ப்பாய் கட்டியாயிற்று.

கல்லறையில் நின்ற ஆண்கள் எல்லார் மேலும் உமி ஒட்டியிருந்தது. பாதிரியார் அதைப் பார்த்தார். அப்படியே ஜெபத்தைத் தொடங்கினார்.

பாதி ஜெபத்தில் முதல் ஆலங்கட்டி பெட்டி மூடியில் விழுந்து தெறித்தது. அடுத்த நிமிஷம் சடசடவென்று கொட்டியது. வந்தவர்கள் கல்லறைச் சிற்றாலயத்தின் கூரைக்கு அடியில் ஓடினார்கள்.

துலியோ ஓடவில்லை. குடையை விரித்துப் பெட்டிக்கு மேலே பிடித்தான். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. எல்வீரா எதிர்ப்பக்கமிருந்து கை நீட்டி, அதே பிடியைப் பற்றிக்கொண்டாள்.