மிச்சக் கோலி

நகரத்தின் நட்டநடுவில் அத்தனை ஏக்கர் புல்லை வளைத்துப் போட்டு, ஆளுயரத்துக்கு மேல் சுவர் எழுப்பி, உள்ளே சில நூறு குடும்பங்கள் மட்டும் காற்று வாங்கும் கோல்ஃப் கிளப் அது. எல்லாரும் பெரிய பெரிய ஆட்கள். ஆனால் புதிதாக ஒருவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவுசெய்யும் விதம் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் விதம். கோலி போட்டுப் பார்ப்பார்கள்.

கமிட்டியில் ஏழு பேர். ஆளுக்கு ஒரு வெள்ளைக் கோலி, ஒரு கருப்புக் கோலி. சேர்க்கலாம் என்கிறவர் வெள்ளையை மரப்பெட்டிக்குள் போட வேண்டும், கூடாது என்கிறவர் கருப்பை. கையில் மிஞ்சுவதைப் பக்கத்தில் தொங்கும் துணிப்பையில் போட்டுவிட வேண்டும். யார் எதைப் போட்டார் என்று கேட்கக் கூடாது. பெட்டிக்குள் ஒரே ஒரு கருப்பு கிடந்தாலும் போதும், வந்தவர் வந்த வழியே போக வேண்டியதுதான். ஆயுசுக்கும் மறுபடி கேட்க முடியாது.

அன்று சாயங்காலம் கமிட்டி அறையில் வரிசையில் நின்ற வக்கீல், கருப்பைத்தான் போடுவது என்று வீட்டிலேயே முடிவு கட்டிக்கொண்டு வந்திருந்தார். அது விழப்போவது வேறு யார் தலையிலும் இல்லை, சொந்தச் சகலையின் தலையில். அதைவிடக் கூத்து, சகலையின் மனுவில் 'இவரை நான் முன்மொழிகிறேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தவரும் இதே வக்கீல்தான்.

கையெழுத்துப் போட வைத்தவள் மனைவி. "என் தங்கச்சி வீட்டுக்காரர் ஆசையாக் கேக்குறார். ஒரு கையெழுத்துப் போட உங்களுக்குக் கையா வலிக்குது?" என்று ஒரு வாரம் அதே பாட்டு. கையைப் பற்றிய பேச்சு வந்ததும் வக்கீல் அவசர அவசரமாகப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

சகலை டைல்ஸ் கடை வைத்திருப்பவர். கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. வாய்தான் அகலம். மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு அவர் பேசுவது பக்கத்து வீட்டு மாடிவரை கேட்கும். கிளப்பில் நேர்காணலின்போது செயலாளர் அம்மாள் இந்த ஓட்டெடுப்பை விலாவாரியாக விளக்க, "கடைசில கோலி ஆட்டமா மேடம்?" என்று கேட்டுச் சிரித்தவர் அவர். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

வக்கீலின் பயமே அந்த வாயைப் பற்றித்தான். ஒரு வருஷமாக அவருடைய வலது கை நடுங்குகிறது. டாக்டர் நடுக்குவாதம் என்றார். அந்தப் பேர் வக்கீலுக்குப் புதிதில்லை, அவருடைய அப்பாவைப் படுக்கையில் போட்டது அதுதான். அம்மா கடைசிவரை அப்பாவுக்கு ஊட்டிவிட்டாள், பட்டன் போட்டுவிட்டாள், வாயைத் துடைத்துவிட்டாள். துடைத்துத் துடைத்தே அவளும் ஓய்ந்துபோனாள். தன் மனைவிக்கும் அந்த வேலை வந்து சேரும் என்று நினைக்கவே வக்கீலுக்குப் பொறுக்கவில்லை. வாதாடியே பிழைக்கிற மனுஷன், இந்த ஒரு விஷயத்தில் வாயையே திறக்கவில்லை.

கிளப்பில் முதுகுவலி என்று சொல்லி ஆட்டத்தை விட்டாயிற்று. வீட்டிலோ, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஜம்மென்று கிளம்புவார். காலை முழுக்க கிளப் நூலகத்தின் மூலையில், வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டைல்ஸ்காரர் உள்ளே வந்தால் முதல் ஞாயிறே, "வாங்க சகலை, ஒரு ஆட்டம் போடலாமா?" என்பார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் குட்டு உடைந்துவிடும்.

வரிசையில் வக்கீலின் முறை வந்தது. இரண்டு கோலியையும் எடுத்துக்கொண்டார். பெட்டியின் வாய்க்குள் கையை விட்டதும் நடுக்கம் கூடியது. மணிக்கட்டு மரத்தில் பட்டுக் கடகடவென்றது. பின்னால் நின்ற பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். வக்கீல் மூச்சைப் பிடித்துக்கொண்டு கருப்பை விட்டார். விழுந்துவிட்டது.

மிஞ்சிய வெள்ளையைத் துணிப்பையில் போடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. பையின் வாய் குறுகல். விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. கோலி நழுவி எல்லார் கண் முன்னாலும் தரையில் உருண்டால் மானம் கப்பலேறிவிடும். பைக்குள் போடுவதுபோலக் கையைக் காட்டிவிட்டு, கோலியோடு கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு தன் நாற்காலிக்கு வந்துவிட்டார்.

செயலாளர் அம்மாள் பெட்டியைத் திறந்தார். "ஆறு வெள்ளை. ஒரு கருப்பு." எல்லாரும் வக்கீலைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். முன்மொழிந்தவர் அல்லவா. அவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அந்த அம்மாள் அதோடு விட்டாரா என்றால் இல்லை. துணிப்பையையும் மேஜையில் கொட்டினார். "இதுல ஒண்ணு குறையுது," என்றார். மறுபடி விரலால் நகர்த்திப் பார்த்தார். "குறையறது வெள்ளை."

கருப்பைப் போட்டவரிடம்தான் வெள்ளை மிஞ்சியிருக்கும், அது அவர் சட்டையிலோ கோட்டிலோதான் இருக்கும் என்று கணக்குப் போட அங்கே யாருக்கும் நேரம் ஆகவில்லை. கோலி கார்ச் சாவியோடு மோதிச் சத்தம் எழுப்பிவிடாமல் இருக்க, பைக்குள் கிடந்த கையை வக்கீல் இறுக்கி மூடியிருந்தார். மூட மூட நடுங்கியது.

"எல்லாரும் ஒரு தடவை பாக்கெட்டைப் பாத்துடலாமா?" என்றார் அந்த அம்மாள்.

கமிட்டித் தலைவர் மெல்ல எழுந்தார். "யார் போட்டதுன்னு கேக்கக் கூடாதுங்கறதுதானே நம்ம சட்டம்? பாக்கெட்டைப் பாத்தா கேட்ட மாதிரிதான். மேஜைக்கு அடியில உருண்டிருக்கும், விடுங்க." போகிற போக்கில் வக்கீலின் தோளைத் தட்டினார். "வருத்தப்படாதீங்க சார்."

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. வண்டி நிறுத்துமிடத்தில், வக்கீலின் காருக்குப் பக்கத்தில் டைல்ஸ்காரர் நின்றிருந்தார்.

"வீட்ல இருப்புக் கொள்ளல சகலை. ஆட்டோ பிடிச்சு வந்துட்டேன். என்னாச்சு?"

"நடக்கல. ஒரு கருப்பு விழுந்துடுச்சு."

திட்டுவார், கத்துவார் என்று வக்கீல் எதிர்பார்த்தார். சகலையோ காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "போச்சு. அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"அவகிட்ட என்ன சொல்லணும்? உங்க ஆசை, நடக்கல. அவ்வளவுதானே."

"என் ஆசையா? ஒரு பந்தை அவ்வளவு தூரம் அடிச்சுட்டு, நாமளே நடந்து போய்த் தேடணுமாம். எனக்கு எதுக்கு சகலை இதெல்லாம்? என்னைச் சேரச் சொன்னதே அக்காதான்." அவர் குரல் தணிந்திருந்தது. நிஜமாகவே தணிந்திருந்தது. "அவங்களுக்கு எல்லாம் தெரியும். பட்டன் போட நீங்க பாத்ரூம் கதவைச் சாத்திக்கறது தெரியும். ஆடிட்டு வர்ற ஷூவுல ஒரு புல்லு கூட ஒட்டியிருக்காதாம். டாக்டரையே போய்ப் பாத்துட்டு வந்துட்டாங்க. நீங்களா சொல்ற வரைக்கும் யாரும் கேக்கக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை தனியா எங்கயாவது விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும், பக்கத்துல நம்ம ஆள் ஒருத்தர் இருக்கட்டும்னு அழுதாங்க. அதான் மனு போட்டேன்."

ஒரு வருஷமாக வக்கீல் மூடி மூடி வைத்ததை மனைவி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பார்த்தும் பாராததுபோல எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். எதையாவது செய்ய வேண்டுமே என்று வக்கீல் சாவியை எடுக்கப் பார்த்தார். கை கோட்டுப் பைக்குள் மாட்டிக்கொண்டு உதறியது.

"விடுங்க சகலை, நான் ஓட்டுறேன்," என்று டைல்ஸ்காரர் அந்தக் கையை மெதுவாக வெளியே எடுத்துவிட்டு, தன் கையை உள்ளே விட்டார். வேண்டாம் என்று சொல்ல வக்கீல் வாயெடுப்பதற்குள் சாவி வந்துவிட்டது. கூடவே வெள்ளைக் கோலியும் வந்தது.

உள்ளங்கையில் கிடந்த அதை டைல்ஸ்காரர் விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். செயலாளர் அம்மாள் விளக்கியது அவருக்கு மறந்திருக்காது. வக்கீலின் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு கோலியைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"யாருன்னு கேக்கக் கூடாது, அதானே உங்க சட்டம்?" என்றார். "ஏறுங்க. அக்கா காத்துட்டு இருப்பாங்க."

வக்கீல் ஏறினார். சீட் பெல்ட்டின் நாக்கு துளையில் பொருந்தாமல் இடறிக்கொண்டே இருந்தது. சகலை எட்டி அதை மாட்டிவிட்டுக் காரைக் கிளப்பினார். பழக்கதோஷத்தில் தொடைக்கு அடியில் போன வலது கையை வக்கீல் வெளியே எடுத்து முழங்கால் மேல் வைத்தார். அது இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வாசலில் நிற்கப்போகிறவளிடம் எதை முதலில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஏதாவது கேளுங்களேன் என்பதுபோலச் சகலையைப் பார்த்தார். ஊருக்கே கேட்கிற அந்த வாய், வீடு வரும்வரை திறக்கவே இல்லை.