ஒன்பதாவது மோட்டார்

காலை ஒன்பது மணிக்கு மும்முனை கரண்ட் வந்தது. வந்த வேகத்தில் சந்தனமேரியின் முந்திரி ஆலையில் விளக்கெல்லாம் மங்கி, கொட்டை அவிக்கிற புது எந்திரம் ‘டப்’ என்று நின்றுபோனது. நான் வாசலில் நின்று தலையில் அடித்துக்கொண்டேன். மூன்றாவது நாளாக இதே கதை.

நான் ஆத்மநாதன், இந்தப் பக்கத்து லைன்மேன். ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். முப்பது வருஷம் கம்பத்து உச்சியில் நின்று கீழே இருக்கிறவனிடம் கத்திக் கத்திப் பேசியவனுக்கு வாய் நீளாமல் என்ன செய்யும்? அப்பேர்ப்பட்ட வாய், அன்றைக்கு சந்தனமேரிக்கு முன்னால் மூடிக்கொண்டது. காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

ஆலங்குடியிலிருந்து உள்ளே வந்தால் தென்னந்தோப்பும் முந்திரிக்காடுமாகக் கிடக்கும் எங்கள் ஊர். அதில் ஒன்பது பெண்களை வைத்து ஆலை நடத்துகிறாள் சந்தனமேரி. முந்திரிக்கொட்டையை முதலில் ஆவியில் அவிக்க வேண்டும். அரைகுறையாக அவிந்தால் ஓட்டை வெட்டும்போது உள்ளே பருப்பு உடைந்துவிடும், உடைசலை எவன் வாங்குவான்? பன்னிரண்டு வருஷம் அந்த ஆவிக்காக அவள் எரித்தது முந்திரி ஓட்டைத்தான். அந்தப் புகை இருக்கிறதே, அப்பப்பா! கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்காக, தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்கவே இறங்காது. அடுப்பை வேறு யாரிடமும் விடாமல் அவளே பார்த்தாள். போன வருஷம் இருமல் தாங்காமல் புதுக்கோட்டைக்குப் போனபோது, இனிமேல் புகைக்குள் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

“அடுப்புக்கு வேற ஆளப் போடு தாயி” என்றேன் நான்.

“எனக்கு ஆகாத பொகை நம்மகிட்ட கொட்ட வெட்டுற சத்யபிரியாவுக்கு மட்டும் ஆகுமாண்ணே? அது நேத்து கல்யாணம் ஆன புள்ள” என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் சப் ஸ்டேஷனுக்குப் பக்கத்துப் பொட்டலில் சோலார் தகடுகளை வரிசை வரிசையாக நட்டார்கள். அதுவரை ராத்திரியில் வந்துகொண்டிருந்த மும்முனை கரண்ட் பகலுக்கு மாறியது. சந்தனமேரி அடுப்பை அணைத்துவிட்டு, கரண்டில் ஆவி போடுகிற எந்திரத்தைக் கொண்டுவந்து இறக்கினாள். “வெயில்ல காயுற கொட்டைய வெயில வச்சே அவிக்கப் போறேண்ணே” என்று சிரித்தாள். ஒரு லைன்மேனுக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

இப்போது அந்த எந்திரம் மூன்று நாளாக மண்ணுப்பிள்ளையார் போல உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் ஓடவில்லை என்றால் ஆலையைப் பூட்டிவிடுவதாக அவள் பெண்களிடம் சொல்லிவிட்டாள். பழைய அடுப்பைத் திரும்பப் பற்றவைக்கிற யோசனையே அவளிடம் இல்லை. அன்றைக்கு செவ்வாய்க்கிழமை.

“பெரிய டிரான்ஸ்பார்மர் கேட்டு ஆபீஸுக்கு எழுதிப் போடுவோம்” என்றேன்.

“எத்தன மாசம் ஆகும்?”

“நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள வந்தாச் சரி” என்றேன். அவள் களத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு தோப்புப் பக்கம் காதைக் கொடுத்து நின்றாள்.

“தோப்புத் தண்ணி மோட்டார் பன்னெண்டும் ஒரே நேரத்துல எடுக்குதுண்ணே. கல்யாண வீட்டுல மொதப் பந்திக்கு விழுந்தடிச்சு ஓடுற மாதிரி. ஓட ஆரம்பிச்சிட்டா டிரான்ஸ்பார்மர் தாங்கும்ல?”

“தாங்கும். எடுக்கும்போதுதான் ஒண்ணொண்ணும் அஞ்சாறு மடங்கு கரண்ட இழுக்கும். ஒண்ணா இழுத்தா எதுவும் ஓட்டம் பிடிக்காம, நின்னு நின்னு திரும்பத் திரும்ப எடுத்துக்கிட்டே கெடக்கும்.”

“அப்ப ஏன் எல்லாம் ஒண்ணா எடுக்குது?”

இதற்குத்தான் என் வாய் மூடிக்கொண்டது. ராத்திரியில் கரண்ட் வந்த காலத்தில் எவனும் டார்ச்சோடு காத்துக் கிடக்க முடியாது என்று எல்லா மோட்டாரிலும் ‘ஆட்டோ’ மாட்டிவைத்தார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்னத் திருகு உண்டு. எத்தனை நொடி கழித்து எடுக்க வேண்டும் என்று அதில் வைக்கலாம். பன்னிரண்டு பேரும் “நம்மளுது ஒடனே எடுக்கணும்” என்றார்கள். பன்னிரண்டையும் சுழியில் வைத்தேன். ஆமாம், நான்தான் வைத்தேன். ஆளுக்கு ஒரு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லாமல் எப்படி?

திக்கித் திணறி அவளிடம் சொல்லிவிட்டேன்.

“தெரியும்ணே. பெட்டிக்குள்ள ஒயர்ல எல்லாம் ஒங்க முடிச்சு. அதான் ஒங்களயே கூப்புட்டேன். போட்டவருக்குத்தானே மாத்தவும் தெரியும்?”

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

ஆளுக்கு இருபது நொடி இடைவெளி விட்டால் போதும். ஆனால் யார் முதலில்? எங்கள் ஊரில் அதைக் கேட்டால் வெட்டுக்குத்து ஆகிவிடும். அப்போதுதான் அவள் சொன்னாள்: “மண்டகப்படி வரிசையில வைப்போம்ணே.”

மாரியம்மனுக்குப் பத்து நாள் திருவிழா. ஒவ்வொரு நாள் செலவும் மரியாதையும் ஒரு குடும்பத்துக்கு. முதல் நாள் யார், ஐந்தாம் நாள் யார் என்பது பாட்டன் பூட்டன் காலத்தில் முடிவானது, அதில் வாய் திறக்க எவனுக்கும் தைரியம் கிடையாது. பன்னிரண்டு மோட்டாரில் பத்து அந்தப் பத்துக் குடும்பத்தினுடையவை. பாக்கி இரண்டும் அவளுடைய சொந்தக்காரர்களுடையவை.

“கோயில் வரிசை ஒனக்கு எப்புடித் தெரியும்? நீ சர்ச்சுக்குப் போறவ” என்று கிண்டல் செய்தேன்.

“பத்து நாளும் ராட்டினம் பாக்க வந்தவண்ணே நானு. எங்க ஆளுங்க ரெண்டு மோட்டார் கடேசில எடுக்கட்டும்.”

புதன், வியாழன் இரண்டு நாளும் அவளுடைய டி.வி.எஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து தோப்புத் தோப்பாகப் போனேன். அவள் பேச, நான் திருக. யாரையும் குறை சொல்லவில்லை, கெஞ்சவும் இல்லை. “ஒங்க மண்டகப்படி மூணாம் நாள்தானங்க? அப்ப நாப்பது நொடிங்க” என்பாள். அவர்களும் ஏதோ விபூதி வாங்குகிற மாதிரி தலையை ஆட்டினார்கள். இருமல் வந்தபோதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இருமி முடித்து, மறுபடி கிளப்பினாள். நான் இறங்கி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரத்தினவேல் ஒருத்தர்தான் மசியவில்லை. அவருடையது ஒன்பதாம் நாள், தேர் நாள். ஊரிலேயே பெரிய மோட்டாரும் அவருடையதுதான், ஆலைக்கு எதிர்த் தோப்பு.

“தேர் நாள் மண்டகப்படிக்காரன் நானு. எட்டுப் பேருக்குப் பின்னாடி எனக்குத் தண்ணியா? என்னம்மா பேசுற?”

“தேரே எட்டு நாள் கழிச்சுத்தானங்கய்யா கெளம்புது? அத யாரும் கொறச்சலா நெனக்கலையே.”

அவர் அவளையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “பெட்டில கைய வச்சே, நடக்குறதே வேற” என்று சொல்லிவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு இன்னும் ஐந்து நிமிஷம். எந்திரத்தில் கொட்டையை நிரப்பி மூடி, சுவிட்சையும் போட்டாகிவிட்டது. ஒன்பது பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். ரத்தினவேலின் பெரிய மோட்டார் முதல் நொடியிலேயே எடுத்தால் எல்லாம் போச்சு. பதினொரு கே.வி. கம்பியில் வேலை பார்த்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. சந்தனமேரி மட்டும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வோல்ட் காட்டுகிற முள்ளுக்கு நேராக நின்றாள்.

கரண்ட் வந்தது.

வடக்கே ஒரு மோட்டார் மட்டும் உறுமியது. முள் கொஞ்சம் தாழ்ந்து, நிமிர்ந்தது. சத்யபிரியா “ஒண்ணு” என்றாள். இருபது நொடி கழித்து இன்னொன்று. “ரெண்டு.” ஐந்தாவதற்கு எல்லாரும் சேர்ந்தே எண்ணினார்கள். எட்டு வந்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்தப் பெரிய மோட்டார் இன்னும் எடுக்கவே இல்லையே! கோபத்தில் அடியோடு நிறுத்திவிட்டாரா மனுஷன்? வாசலுக்கு ஓடி எதிரே பார்த்தேன்.

மோட்டார் கொட்டகைக் கதவு திறந்து கிடந்தது. பெட்டியில் ஆட்டோவை அணைத்து வைத்திருந்தார். ரத்தினவேல் குளித்து, திருநீறு பூசி, தோளில் துண்டோடு ஸ்டார்ட்டருக்கு முன்னால் நின்றிருந்தார். வலது கைக் கட்டைவிரல் பச்சைப் பொத்தான் மேல் இருந்தது. இடது கைக் கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பின்னால் வந்து நின்ற சந்தனமேரி அதைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

பொத்தான் அமுங்கியது. உள்ளே முள் சரிந்தது, இன்னும் சரிந்தது. அது ஒரு இடத்தில் நடுங்கி நின்று, மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. எதிர்த் தோப்புத் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவில், எந்திரத்தின் மூடி விளிம்பிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சந்தனமேரி அதற்குப் பக்கத்தில் போய், பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக, முந்தானையால் மூக்கைப் பொத்தாமல் நின்றாள்.