அழுத்தாத கை

அக்கா மகள் பிறந்து ஐந்தாவது மாதம் நடக்கிறது. கன்னத்தைப் பார்த்துப் பூசணி என்றுதான் கூப்பிடுகிறோம். பிறந்தபோது இல்லாத ஒரு கட்டி, இப்போது அவள் முதுகில் எலுமிச்சை அளவுக்கு நிற்கிறது. புற்றுநோயா, இல்லையா? இன்று அதற்குத்தான் ஸ்கேன். மாலை வகுப்பில் நான் படிப்பதும் ஸ்கேன் பார்க்கத்தான் என்பதால், அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டரம்மா கருவியை முதுகில் வைத்ததுமே பூசணி வீல் என்று அலறினாள். கருவி வழுக்கியது. அழுத்திப் பிடித்தார். திரையில் சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டை. நீர்க்கட்டி இல்லை; அதுவரை எனக்கே புரிந்தது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் பொத்தானைத் தட்டினார். வெறும் ரத்தக் குழாய்க் கட்டி என்றால் உள்ளே சிவப்பும் நீலமும் நிறைந்திருக்க வேண்டும். குழந்தை உதறும்போதெல்லாம் திரை முழுக்க நிறம் தெறித்து மறைந்தது. கட்டிக்குள் எந்த நிறமும் நிற்கவில்லை; அப்படியென்றால் இது வேறு ஏதோ கட்டி.

"பால் குடுங்கம்மா. அசந்ததும் பாக்கலாம்" என்று டாக்டரம்மா வெளியே போனார்.

அக்கா பாலூட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தாள். "என்னடி பாத்த? சொல்லு."

"எனக்கென்னக்கா தெரியும்? வகுப்புல இப்பதான் பித்தப்பை நடக்குது."

"அத்தான்கிட்ட மட்டும் பெரிய டாக்டர் மாதிரி அளந்துவிடுவ."

சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணியது. நான் தப்பாகப் பார்த்திருந்தால்? அதைவிட, சரியாகப் பார்த்திருந்தால்?

பூசணி தூங்கிவிட்டாள். டாக்டரம்மா திரும்பி வந்து, கட்டியின் மேல் ஜெல்லைக் குவியலாக வைத்தார். இம்முறை கருவி தோலைத் தொட்டும் தொடாமலும் மிதந்தது.

திரை பற்றிக்கொண்டது. கட்டி முழுக்கச் சிவப்பு, நீலம்.

"ஐயோ, என்ன இவ்ளோ சிவப்பு!" அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"பயப்படாதீங்கம்மா. முதல்ல நான் அழுத்துனதுல குழாயெல்லாம் நசுங்கிடுச்சு. இது ரத்தக் குழாய்க் கட்டி மாதிரிதான் தெரியுது. கொஞ்ச நாள் வளரும், அப்புறம் மெல்ல வத்தும்."

"மாதிரின்னா?" கேட்டது நான்தான்.

"அடுத்த மாசம் மறுபடி பாத்துடுவோம். வேகமா வளந்தா உடனே கூட்டிட்டு வாங்க."

அந்த 'மாதிரி' இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் சட்டை மாற்றும்போது அக்கா கட்டியைத் தொடவே பயந்தாள். நான் தொட்டேன், விரலில் கொஞ்சமும் பாரம் வைக்காமல். லேசான சூடு. நிஜமா, என் நினைப்பா?

"நீயும் தொட்டுப் பாருக்கா."

அவள் விரல் தயங்கி வந்து, என் விரல்மேல் நின்றுவிட்டது.