பெயர் போடாத கட்டுரை

சென்னையிலிருந்து வரும் ‘வர்த்தகத் தூதன்’ வாரப் பத்திரிகைக்குக் கிளமென்ட் எழுதி அனுப்பாத விஷயமே கிடையாது. தோல் ஏற்றுமதி, அரிசி ஆலைக்கு மின்சாரம், புதிதாக வந்த நயா பைசாவால் கடைக்காரனுக்குத் தலைவலி என்று எதைக் கேட்டாலும் அவனிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. எல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்தன. ‘பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம்’ என்று அச்சடித்த துண்டுச் சீட்டு ஒன்று கூடவே வரும். பாலக்கரைத் தபால்காரர் உறையைப் பார்த்ததுமே சிரிக்க ஆரம்பித்துவிடுவார். மனுஷன் விட்டானா என்றால், அதுதான் இல்லை. டுட்டோரியல் காலேஜில் வணிகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற ஒருத்தனுக்கு, ‘ஆ. கிளமென்ட், திருச்சி’ என்று ஒரே ஒரு தரம் அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று அப்படி ஒரு வெறி.

ஐம்பத்தெட்டாம் வருஷம் காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிகளைப் பற்றி எழுதினான். அங்கே விலையை வாயால் பேசமாட்டார்கள். மண்டிக்காரரும் வாங்க வந்தவரும் ஒரு துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். தாரை வெட்டிக்கொண்டு வந்த குடியானவன் பக்கத்திலேயே நிற்பான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே முடிந்தது மூன்று ரூபாய் என்றால், அவனிடம் இரண்டு என்பார்கள். இதை மாதக்கணக்கில் சுற்றிப் பார்த்து, வாங்கியவர்களையும் விற்றவர்களையும் விசாரித்து எழுதினான். போதாததற்கு, “மெட்ராஸ் பத்திரிகைக்கு எழுதறேங்க” என்று மார்க்கெட் முழுக்கத் தம்பட்டம் வேறு.

அதுவும் திரும்பி வந்தது. ஆனால் மூன்றாவது வாரம் வாசகசாலையில் பத்திரிகையைப் பிரித்தால், அதே கட்டுரை. வரிக்கு வரி அவனுடையது. ஒரு பத்தியை வெட்டியிருந்தார்கள், தலைப்பை மாற்றியிருந்தார்கள். கீழே ‘நமது மார்க்கெட் நிருபர்’ என்று போட்டிருந்தது. பக்கத்திலிருந்த கண்ணாடி அலமாரியில் ஓங்கி ஒரு குத்து விட்டான். கை கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். வாசகசாலைக்காரர் கழுத்தைப் பிடித்துத் தள்ளாத குறையாக வெளியே அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை தெப்பக்குளத்துப் பக்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை இரண்டு பேர் கீழே தள்ளி, லாரியில் தூக்கிப் போட்டார்கள். லாரி காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தைச் சுற்றிக்கொண்டு கொள்ளிடக் கரைத் தோப்பில் போய் நின்றது. அங்கே நெற்றியில் பளிச்சென்று நாமத்தோடு மண்டி முதலாளி ரங்கசாமி கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“இன்னிக்கு எனக்கு விரதம், வாத்தியாரே. நான் கோபப்படக் கூடாது. எனக்குப் பதிலா பிச்சமுத்து படுவான்.”

லாரியில் தூக்கிப் போட்டவர்களில் ஒருவனான பிச்சமுத்து பட்டான். முதல் உதையிலேயே கிளமென்டுக்கு மூச்சு நின்று வந்தது. இரண்டாவது அடியில் உதடு கிழிந்து ஒரு பல் மண்ணில் விழுந்தது.

“‘துண்டுக்குள் திருட்டு’. உங்க கட்டுரைதானே அது?” என்றார் ரங்கசாமி.

உங்க கட்டுரை! நாலு வருஷத்தில் அந்த வார்த்தையை அவனிடம் சொன்ன முதல் ஆள் இந்தப் படுபாவிதான். என் பெயர் அதில் எங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தப்பித்திருக்கலாம். கேட்கவில்லை. வாய் நிறைய ரத்தத்தோடு அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

“என்னுதுதாங்க. தலைப்பு மட்டும் அவங்க போட்டது.”

ரங்கசாமி தோளிலிருந்த துண்டை எடுத்து அவன் வலது கைமேல் போட்டார். உள்ளே தன் கையை விட்டு அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்தார்.

“என் துண்டுக்குள்ள நடக்கறதை எழுதினீங்கல்ல, இப்ப நாம பேசுவோம். ‘எழுதினதெல்லாம் பொய், மன்னிக்கணும்’னு ஒரு கடுதாசி எழுதிக் கையெழுத்துப் போடுங்க. உங்க பேரோட அது பத்திரிகைல வரணும்.”

“பொய் இல்லைங்க.”

வெளியே துண்டு அசையக்கூட இல்லை. உள்ளே விரல் முறிந்த சத்தம் மட்டும் கேட்டது. அவன் அலறியதில் தோப்புக் காக்கைகள் கிளம்பின. அடுத்து நடுவிரலும் முறிந்தபோது ஒப்புக்கொண்டான். கடுதாசியை யாரோ எழுத, இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டான். அந்த வலியிலும், ‘பேரோட வரும்’ என்று மனம் ஒரு மூலையில் குதித்தது. சீ, என்ன ஜென்மமோ என்று தன்மேலேயே காறித் துப்பத் தோன்றியது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ரங்கசாமியே பாலக்கரை வீட்டுக்கு வந்தார். பிச்சமுத்து ஒரு பூவன் தாரை இறக்கி வைத்தான். கிளமென்டின் மனைவி லூர்துராணி கதவோரம் ஒண்டிக்கொண்டாள்.

“தப்பு நடந்துபோச்சு, வாத்தியாரே. கடுதாசியை அனுப்பினேன், பத்திரிகைல திருப்பிட்டாங்க. இந்தப் பேர்ல எங்களுக்கு யாரும் எழுதறதில்லைன்னு பதில் வந்திருக்கு. அடி தாங்காம நீங்களா ஒத்துக்கிட்டீங்க போல. மனசுல வெச்சுக்காதீங்க.”

லூர்துராணிக்கு உயிர் வந்தது. விட்டுத்தொலையட்டும் என்று புருஷனைக் கண்ணாலேயே கெஞ்சினாள். ஆனால் மன்னிப்புக் கடுதாசியைக்கூட அவன் பெயரில் போடமாட்டோம் என்றுவிட்டார்களே! தாரை எட்டி உதைத்தான் கிளமென்ட். காய்கள் சிதறின.

“நான்தான்யா எழுதினேன்.”

“அவருக்குக் காய்ச்சல் ஐயா, உளர்றாரு” என்றாள் அவள்.

“உளறலை. அவங்க வெட்டின பத்தியைச் சொல்லட்டுமா? திருவெள்ளறை மயிலம்மாளோட தாருக்குத் துண்டுக்குள்ள மூணு ரூபாய் முடிச்சீங்க. வாங்கின ஆளே சொன்னான். அந்த அம்மா கையில ஒண்ணரை வெச்சு அனுப்பினீங்க. அதுல உங்க பேரைப் போட்டுத்தான் எழுதினேன்.”

அச்சில் வராத சங்கதி. ரங்கசாமியின் முகம் கறுத்தது. “அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில போங்க” என்றார்.

லூர்துராணி போகவில்லை. இத்தனை நாளும் அந்தக் காகிதங்களைக் கரித்துக்கொட்டியவள்தான். இப்போது வந்து புருஷனுக்கு முன்னால் நின்றாள்.

“அவருதாங்க எழுதினாரு. நான்தான் தபால்ல போட்டேன்.”

“அப்ப நீங்களும் கூட்டு” என்றார் ரங்கசாமி. பிச்சமுத்து அவள் வலது கையை இழுத்துச் சுவரில் அழுத்தி விரல்களைப் பிரித்தான். அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டாள். அப்போதுதான் கிளமென்டுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது.

“நான் எழுதலைங்க. அவளை விட்டுடுங்க.”

“மயிலம்மா கதை?”

“மார்க்கெட்ல யாரோ பேசிக்கிட்டாங்க. நான் எழுதலை.”

“காதுல விழலை. இன்னொரு தரம்.”

“அதை நான் எழுதலைங்க.”

மூன்றாம் தரம் சொன்னபோது அவன் குரல் நடுங்கவே இல்லை. ரங்கசாமி நம்பிவிட்டார். பிச்சமுத்து கையை விட்டான்.