செட் மாத்திரை

“உங்க மகளுக்கு இத்தனை வருசமா என்ன மாத்திரைம்மா குடுத்தீங்க?”

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டபோது முத்துப்பேச்சி முழித்தாள். வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, பாதி சிவப்பில் ஒன்று. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நாரணாபுரம் விலக்கில் நல்லசிவத்தின் மருந்துக்கடையில் ‘செட்’ என்று கேட்டால் போதும். அட்டையைக் கத்திரியால் வெட்டி, மாத்திரைகளைப் பிதுக்கி, காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் அதைத் தின்றுதான் இடுப்புவலியோடு சீசனைத் தாண்டினார்கள். மகள் பாண்டிமீனாவுக்கும் வேலைக்கு வந்த நாள் முதல் முத்துப்பேச்சியே தன் கையால் டீயோடு கொடுத்துவந்தாள்.

இப்போது பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரையால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. ஆனால் சில மாத்திரைகள் ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையே கெடுத்துவிடும். எதையெல்லாம் தின்றாள் என்று தெரிந்தால்தான் பயமில்லாமல் மருந்து ஏற்றலாம், நாளைக்குள் பெயரோடு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

கம்பெனி வேன்கள் ஆள் இறக்கும் சாயங்கால நேரம். கடை முன்னால் கூட்டம். விஷயத்தைக் கேட்டதும் நல்லசிவத்தின் முகம் மாறியது. அப்படி எதுவும் தான் விற்கவே இல்லை என்றார்.

“பேரு மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. பிள்ள சாகக் கெடக்கு.”

“செத்தா என் கடை வாசல்லயா கொண்டாந்து போடுவ? போத்தா அங்கிட்டு.”

கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த செங்கல் எப்படி அவள் கைக்கு வந்ததோ. மேசைக் கண்ணாடி சிதறியது. அவர் தாவி வந்து அவள் வாயில் குத்தினார். பல் உடைந்தது. கொண்டையைப் பிடித்து இரும்புச் சட்டத்தில் மோதினார், மறுபடியும் மோதினார். காதுக்குள் இரைந்தது. நின்றவர்கள் விலகி இடம் விட்டார்களே தவிர ஒருவரும் தடுக்கவில்லை. துழாவிய அவள் கையில் கத்திரி அகப்பட்டது. மேசையில் ஊன்றியிருந்த அவர் கையில் அதை இறக்கினாள். புறங்கையில் ஏறி மரத்தில் போய் நின்றது. நல்லசிவம் மாடுபோல அலறினார்.

“அட்டையக் காட்டு.”

அவர் பிடுங்கப் பார்த்தார். அவள் கத்திரியை ஒரு திருகு திருகினாள். மற்றக் கையால் அலமாரியைக் காட்டினார். வெட்டாத அட்டைகளை எடுத்தாள். எழுத்து மறையாதபடி ரத்தத்தை முந்தானையால் ஒற்றி, மடியில் செருகிக்கொண்டாள்.

வெளியே பொன்னுத்தங்கம் நின்றாள். இருவரும் கம்பெனியில் ஒரே அறையில் திரி வைப்பவர்கள். அவளை முதன்முதலில் இந்தக் கடைக்குக் கூட்டிவந்ததே முத்துப்பேச்சிதான்.

“இனிமே இதத் திங்காத தாயி,” என்றாள் உடைந்த வாயால்.

பொன்னுத்தங்கம் குனிந்தாள். கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே தனக்கென்று நல்லசிவம் மடித்து வைத்திருந்த பொட்டலத்தைத் தேடி எடுத்தாள். சேலையில் துடைத்துத் தூக்குவாளிக்குள் போட்டாள். காலையில் வேன் வரும். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.