ஒன்பதாவது கோரிக்கை

காலை ஐந்தேகாலுக்குத் தீவின் மின்னி பே கடற்கரையில் வெயில் வந்துவிட்டது. கூடவே காற்றும்.

மீன் கம்பெனியின் பெண்கள் கக்கூஸுக்குக் கதவு கிடையாது. ஒரு சாக்கு தொங்கியது. வாசல் கடலைப் பார்த்து இருந்ததால் காற்றடித்தால் சாக்கு மேலே போய்விடும். உள்ளே ஒருத்தி போனால் வெளியே ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். யாருக்கு யார் பிடிக்கிறார்கள் என்பதை வைத்தே அங்கே யார் யாருக்குச் சிநேகிதம் என்று சொல்லிவிடலாம். இரண்டு பேருக்குள் சண்டை என்றால், பேச்சு நிற்பதற்கு முன்னாலேயே சாக்குப் பிடிப்பது நின்றுவிடும்.

அமிர்தவல்லி யாரோடும் சண்டை போடுவதில்லை. அவளால் முடியாது. ஐம்பத்தொரு வயது. சர்க்கரை. மற்றவர்கள் ஒரு தடவை போகிற நேரத்தில் அவள் நாலு தடவை போக வேண்டும். சூரை மீனை வெட்டிக்கொண்டே சுற்றிலும் பார்ப்பாள். எல்லாரும் கையிலிருக்கும் மீனை உற்றுப் பார்ப்பார்கள். கடைசியில் செல்லம்தான் கத்தியை வைத்துவிட்டு எழுந்திருப்பாள்.

"வாக்கா. உனக்கு சாக்குப் பிடிச்சுப் பிடிச்சே என் தோள்பட்டை போச்சு."

அமிர்தவல்லி தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். போன மாதம் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஹிந்தியில் திட்டினார். தண்ணீர் குடிக்காவிட்டால் கிட்னி போய்விடும்.

"குடிக்கலாம் சாப். தர்வாஜா இல்லை" என்றாள். கக்கூஸ் கதவைத்தான் சொன்னாள்.

அறையில் காற்றில்லை என்கிறாள் என்று நினைத்து டாக்டர் ஜன்னலைத் திறந்துவிட்டு மாத்திரை எழுதினார்.

முதலாளி சிவப்பிரகாசம் தூத்துக்குடிக்காரர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. மறதி அதிகம். தராசு முள்ளைப் பார்க்கும்போது மட்டும் அந்த மறதி இருக்காது.

"கதவுதான அமிர்தம்மா? போட்டுருவோம். மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வருதுல்லா."

கப்பல் வந்தது. போனது. இரண்டு வருஷமாக வந்து போய்க்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தவல்லி குட்வில் எஸ்டேட் என்ற குடியிருப்புக்குப் போனாள். தொழிற்சங்கச் செயலாளர் யோகராஜ் வீடு அங்கே. அவளைப் போலவே அவனும் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். இருவருடைய பெற்றோரும் ஒரே கப்பலில் சிலோனிலிருந்து வந்தவர்கள். யோகராஜுக்கு நல்ல குரல். மைக் இல்லாமலேயே பஜார் முழுக்கக் கேட்கும்.

"கதவா?" என்றான்.

"ஆமா தம்பி. ஒரு கதவு."

"வேற?"

"வேற ஒன்னுமில்ல."

"ஒரு கதவுக்காக ஒரு யூனியன் வந்து நின்னா நல்லாவா இருக்கும்? யோசிச்சுச் சொல்லுங்க அக்கா. கூலி எப்படி?"

"கொறைச்சல்தான்."

"பாத்தீங்களா. அது ஒன்னு. கையுறை குடுக்கறாரா?"

"கிழிஞ்சது குடுப்பாரு."

"ரெண்டு."

யோகராஜின் மனைவி கொண்டுவந்த டீ ஆறுவதற்குள் பதினோரு கோரிக்கை சேர்ந்துவிட்டது. பதினோராவது, தீவுகளுக்குக் கப்பல் சேவையை அதிகரிக்க வேண்டும் என்பது.

"அதுக்கு அந்தத் தொரை என்னா செய்வாரு தம்பி?"

"ஒன்னும் செய்ய ஏலாது. தெரியும். பேச்சுவார்த்தைன்னா நாம விட்டுக்குடுக்கறதுக்குன்னு நாலு இருக்கணும் அக்கா. எல்லாமே வேணுங்கற கோரிக்கையா வச்சா எதை விடறது?"

கதவு ஒன்பதாவதாக இருந்தது.

"ஒன்பதாவதா?"

"வரிசைல ஒன்னுமில்ல அக்கா."

திங்கட்கிழமை வேலைநிறுத்தம் தொடங்கியது. கேட்டுக்கு வெளியே தார்ப்பாய் கட்டிக் கொடி நட்டார்கள். எங்கள் கோரிக்கைகளை நிறைவேற்று என்ற கோஷத்தை ஹிந்தியில் போட்டார்கள். பெங்காலிப் பெண்கள், தெலுங்குப் பெண்கள், தமிழ்ப் பெண்கள் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பாஷை வேண்டும்.

"ஹமாரி மாங்கே!"

"பூரி கரோ!"

"எந்நேரமும் பூரி பூரின்னு கத்தச் சொல்றாரு. டீயாவது வாங்கிக் குடுக்கலாம்" என்றாள் செல்லம்.

யோகராஜ் விதிகளைச் சொன்னான். கேட்டைத் தாண்டி யாரும் உள்ளே போகக் கூடாது. எந்தப் பொருளும் உள்ளே போகக் கூடாது. எதுவும் வெளியே வரவும் கூடாது.

"ஐஸ் வண்டி?"

"கூடாது."

"டீக்காரன்?"

"அவன் நம்ம பக்கம். வெளியவே நிப்பான்."

கக்கூஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது கேட்டுக்கு உள்ளே இருந்தது.

சிவப்பிரகாசம் தன் அறையில் உட்கார்ந்து கோரிக்கைகளைப் படித்தார். படகுக்காரர்கள் போன் செய்துகொண்டே இருந்தார்கள். சென்னை விமானத்துக்குப் போக வேண்டிய தெர்மாகோல் பெட்டிகள் காலியாக அடுக்கியிருந்தன. "கப்பலை நான் எங்கன கூட்ட?" என்று கணக்குப்பிள்ளையைக் கேட்டார். மறுபடி மேலிருந்து படித்து ஒன்பதுக்கு வந்தார். அவர் முகம் தெளிந்தது. பதினொன்றில் அவருக்குப் புரிந்ததும் மலிவானதும் அது ஒன்றுதான். இரண்டு வருஷத்தில் வராத ஞாபகம், கொடியைப் பார்த்த அரை நாளில் வந்துவிட்டது.

மத்தியானத்துக்குள் தச்சர் ரவிக்குமாரின் டெம்போ வந்து நின்றது. பின்னால் ஒரு நீலப் பிளாஸ்டிக் கதவு. கீல், தாழ்ப்பாள் எல்லாம் மாட்டியிருந்தது.

முதலில் எழுந்தது அமிர்தவல்லி. யோகராஜ் டெம்போவுக்கு முன்னால் போய்க் கையை நீட்டினான்.

"ருக்கோ! என்ன சாமான்?"

"கதவு சார். லேடீஸ் பாத்ரூமுக்கு."

"உள்ள போகக் கூடாது."

"நீங்க கேட்டதுன்னுதான சொன்னாங்க?"

"கேட்டோம். இப்ப ஸ்ட்ரைக் நடக்குது."

செல்லம் பக்கத்தில் வந்தாள். "அண்ணே, கதவு வேணும்னுதான ஸ்ட்ரைக்? ஸ்ட்ரைக் நடக்குறதால கதவு வரக் கூடாதா?"

"இது முதலாளி தந்திரம் செல்லம். பதினொன்னுல ஒன்னைக் குடுத்துட்டு பத்தை முழுங்கப் பாக்கறாரு. இப்பக் கதவை உள்ள விட்டா, நாளைக்குப் பாதிப் பேர் அது பின்னாலயே போயிடுவாங்க."

"பாதிப் பேர் இல்லண்ணே. எல்லாருமே வரிசையாப் போவோம்."

பெண்கள் சிரித்தார்கள். யோகராஜும் சிரித்தான். நீட்டிய கையை மட்டும் எடுக்கவில்லை.

"தம்பி, நான் உள்ள போகல்ல. கதவு மட்டும் போய் நிக்கட்டும்" என்றாள் அமிர்தவல்லி.

"கொள்கைன்னு ஒன்னு இருக்கு அக்கா."

"கொள்கைக்கு அவசரமா வராது தம்பி. எனக்கு வருது."

யோகராஜ் மைக்கைத் தேடிப் போனான். ரவிக்குமாருக்கு வேறு இடத்தில் வேலை இருந்தது. கதவை இறக்கி வெளிச்சுவரில் சாய்த்து வைத்தான்.

"யார் ஜெயிச்சாலும் ஒரு போன் பண்ணுங்க. வந்து மாட்டறேன்."

வெயில் ஏறியது. யூனியன் ஆண்கள் இரண்டு மூன்று பேராகச் சுவருக்குப் பின்னால் போய் வந்தார்கள். பெண்கள் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அமிர்தவல்லிக்குக் கண் இருட்டியது. செல்லம் பாட்டிலை நீட்டினாள்.

"குடிக்கா."

"குடிச்சா போகணும்."

"குடிக்காட்டி மேலயே போயிருவ."

அமிர்தவல்லி தலையை ஆட்டினாள். ஏலாது. செல்லம் சுவரைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு யோகராஜிடம் போனாள்.

"அண்ணே, அது உள்ளதான போகக் கூடாது?"

"ஆமா."

"வேற எங்க வேணாப் போகலாமில்ல?"

யோகராஜ் யோசித்தான். விதியில் அதற்குத் தடை இல்லை.

செல்லமும் ஒரு பெங்காலிப் பெண்ணும் கதவைத் தூக்கினார்கள். சாலை முடிகிற இடத்தில் அலையாத்திப் புதர் இருந்தது. அதன் முன்னால் கதவை நிறுத்தி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். அமிர்தவல்லி முதலில் பாட்டில் தண்ணீர் முழுவதையும் குடித்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் போனாள். தாழ்ப்பாள் அவள் பக்கம் இருந்தது. மாட்டுவதற்கு நிலை இல்லை. இருந்தாலும் தாழ்ப்பாளைத் தள்ளிப் போட்டாள்.

"சாக்குக்கு ஒரு ஆள் போதும்" என்றாள் செல்லம், மூச்சு வாங்கியபடி. "கதவுக்கு ரெண்டு ஆள் வேணும். யூனியன் வந்தபிறகு வேலைவாய்ப்பு கூடியிருக்கு."

அடுத்த நாட்களில் அந்த வேலைநிறுத்தத்தில் ஓய்வில்லாமல் உழைத்தது கதவு ஒன்றுதான். தார்ப்பாயிலிருந்து புதருக்கும் புதரிலிருந்து தார்ப்பாய்க்கும் போய்வந்தது. யோகராஜ் தன் பேச்சில் அதைச் சேர்த்துக்கொண்டான். முதலாளியின் லஞ்சத்தை நம் சகோதரிகள் பறிமுதல் செய்தார்கள் என்றான். பலத்த கைதட்டல். அந்த நேரத்தில் பறிமுதலான கதவு புதர்ப் பக்கம் இருந்தது. சிவப்பிரகாசம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். "என் கதவை எடுத்துட்டு ஊர்வலம் போறாவளே" என்றார்.

அமிர்தவல்லி தினமும் தண்ணீர் குடித்தாள். முகம் தெளிந்தது. நீர்க்கடுப்பு நின்றது.

"உனக்கு ஸ்ட்ரைக் ஒத்துக்குதுக்கா. கொஞ்சம் நாள் நீட்டச் சொல்லுவோமா?"

"சும்மா இரு புள்ளே. வீட்டுல அரிசி முடிஞ்சிருச்சு."

செல்லம் அப்போது சிரிக்கவில்லை. அவளுக்குக் கூலி உயர்வு வேண்டும். எல்லாருக்குமே வேண்டும். அதனால்தான் ஒருத்தியும் தார்ப்பாயை விட்டு எழுந்து போகவில்லை. அதை யோகராஜ் தன் குரலுக்குக் கிடைத்த மரியாதை என்று எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை தொழிலாளர் துறையிலிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். பேச்சுவார்த்தை உள்ளே, சிவப்பிரகாசத்தின் அறையில். யோகராஜ் கேட்டைத் தாண்டி உள்ளே போனான்.

"விதி?" என்று செல்லம் கூப்பிட்டுக் கேட்டாள்.

"பேச்சுவார்த்தைக்கு விதிவிலக்கு உண்டு!"

வெயில் சாயும்வரை பேசினார்கள். உள்ளே மூன்று தடவை டீ போனது. பெண்கள் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

யோகராஜ் வெளியே வந்தபோது கழுத்தில் மாலை இருந்தது. காலையிலேயே வாங்கி ஸ்கூட்டர் டிக்கியில் வைத்திருந்ததை ஒரு யூனியன் ஆள் ஓடிப்போய் எடுத்துவந்து போட்டிருந்தான். மைக்கைப் பிடித்தான்.

"வெற்றி!"

கை தட்டினார்கள்.

"கூலி உயர்வு! முதலாளி பரிசீலிக்க ஒத்துக்கிட்டாரு!"

கொஞ்சம் குறைவாகத் தட்டினார்கள்.

"கையுறை! புதுசு! அடுத்த கப்பல்ல!"

"எந்தக் கப்பல்?" என்றாள் செல்லம். மைக் சத்தத்தில் அது கேட்கவில்லை.

"கப்பல் சேவையப் பத்தி முதலாளி அனுதாபத்தோட கேட்டுக்கிட்டாரு! எல்லாத்துக்கும் மேல, சாத்தியோ, தோழர்களே, இந்தக் கம்பெனி கேட்டுல நம்ம யூனியன் போர்டு வைக்க ஒத்துக்கிட்டாரு! மின்னி பேயில இதுதான் முதல் போர்டு!"

யூனியன் ஆண்கள் பட்டாசு கொளுத்தினார்கள். ஈரத்தில் பாதி வெடிக்கவில்லை. அந்தப் புகைக்குள் ரவிக்குமாரின் டெம்போ வந்து நின்றது. அமிர்தவல்லி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய்க் கதவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

"வாங்க தம்பி. இருட்டறதுக்குள்ள மாட்டிரலாம்."

ரவிக்குமார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மாட்ட வரல்லம்மா. எடுத்துட்டுப் போக வந்தேன். கடைல திருப்பிக் குடுக்கச் சொல்லிட்டாரு."

"யாரு?"

சிவப்பிரகாசம் கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். நாலு நாளில் முதல்முறையாக அவர் சிரித்த முகமாக இருந்தார். "உங்க செகரட்டரியக் கேளுங்க அமிர்தம்மா. கோரிக்கைய அவருதான வாபஸ் வாங்கினாரு. வேண்டாம்னவுகளுக்கு வலியப் போயிக் கதவு மாட்ட முடியுமா?"

யோகராஜ் மைக்கை அணைத்துவிட்டு வந்தான். மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"ஒன்பதா தம்பி விட்டுக்குடுத்தீங்க?"

"அக்கா, கேளுங்க. போர்டுக்கு அவரு அசையவே இல்ல. நாம ஒன்னு குடுத்தாத்தான் அவரு ஒன்னு குடுப்பாரு. எதைக் குடுக்கறதுன்னு பாத்தேன். கதவுதான் வந்தாச்சே, நம்ம கையிலயே இருக்கேன்னு ஒன்பதைக் குடுத்தேன். அவரு இப்படிப் பண்ணுவாருன்னு நான் நெனக்கல்ல."

"கப்பலைக் குடுத்திருக்கலாமே?"

"கப்பலை யாரு வாங்குவா அக்கா? அவரு காசு போட்டு வாங்கினதால, அவருக்கு வலிக்கற மாதிரி இருந்தது கதவு ஒன்னுதான்."

ரவிக்குமார் கதவை மெதுவாக இழுத்தான். அமிர்தவல்லி கொஞ்ச நேரம் விடவில்லை. பிறகு விட்டாள். டெம்போ மேட்டில் ஏறிப் போனது. கதவின் தாழ்ப்பாள் தடதடவென்று அடிப்பது கொஞ்ச தூரம் வரை கேட்டது.

"அடுத்த கோரிக்கை சாசனத்துல கதவுதான் முதல்ல. நான் பொறுப்பு" என்றான் யோகராஜ். அவன் குரல் சின்னதாக இருந்தது. "போர்டு சாதாரண விஷயம் இல்ல அக்கா. போர்டு இருந்தா அவருக்குப் பயம் இருக்கும். நல்ல இரும்புத் தகடு. சட்டம் அடிச்சு, சிவப்புப் பெயிண்ட். எந்தக் காத்துக்கும் அசையாது."

அமிர்தவல்லி அவனை நிமிர்ந்து பார்த்தாள். கேட்டு வழியாக, மீன் வெட்டும் கொட்டகைக்குப் பின்னாலிருந்த கக்கூஸைப் பார்த்தாள். அங்கே காற்று சாக்கைத் தூக்கிக் கூரைமேல் போட்டிருந்தது.

"தம்பி, அந்த போர்டு ஆள் ஒசரம் வருமா?"